பின்பக்கம் பார்க்கவும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. நான் நலம். கடிதம் என்றால் எல்லாரும் முதல் வரியில் போடுகிற நலம் இல்லை இது. இன்று பிற்பகல் மூன்று இருபதுக்கு மருத்துவர் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திக் கொடுத்த நலம். தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் முத்திரை தேவைப்படாத அளவுக்கு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முந்தாநாள் நான் போனில் பேச ஆரம்பித்ததுமே, "உளறாத. என்ன நடந்துச்சுன்னு வரிசையா எழுதி அனுப்பு" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு ஆறு முறை அடித்தேன், எடுக்கவில்லை. கோபத்தில் எடுக்கவில்லையா, பேருந்துப் பணிமனையில் நாற்பது வருடம் ஹார்ன் சத்தம் வாங்கிய காதுக்குப் போன் மணி எட்டவில்லையா என்று தெரியவில்லை. கோபம் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீங்கள் நேரக் காப்பாளராக இருந்தவர், மணி சொல்லாத சமாச்சாரத்தை நம்ப மாட்டீர்கள். ஆகவே எல்லாவற்றையும் மணியோடு எழுதுகிறேன். மணி நினைவில்லாத இடத்தில் 'சுமார்' என்று போட்டிருக்கிறேன். 'சுமார்' என்ற சொல் உங்களுக்குப் பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒன்றே ஒன்று. உங்கள் தங்கையைத் திருப்பி அனுப்பி வையுங்கள். எனக்கு நோய் இல்லை. நோய் இருப்பதாக நினைத்துக்கொண்டு நான் சில காரியங்கள் செய்தேன், அந்தக் காரியங்களால் அவளுக்கு என்மேல் கோபம் வந்தது, கோபத்தால் வீட்டை விட்டு உங்களிடம் வந்துவிட்டாள். இப்போது நோயே இல்லை என்று ஆகிவிட்டதால் காரியமும் இல்லை, கோபத்துக்கு இடமும் இல்லை. இதை இரண்டு வரியில் எழுதி முடித்திருக்கலாம். வரிசையாக எழுதச் சொன்னது நீங்கள்தான்.

என் கடையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே, எட்டுக்குப் பத்தடி. இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு ஸ்பைரல் பைண்டிங் கருவி, ஒரு முக்காலி, நான். பெரிய மெஷினுக்கு வேறு இடமில்லாமல் பதினோரு வருடத்துக்கு முன்னால் அதை ஜன்னலை அடைத்துப் போட்டேன். அன்றைக்கு மூடிய ஜன்னல் மூடியதுதான். காகிதத் தூசும் டோனர் தூளும் வெளியே போக வழியில்லாமல் என்னோடு சேர்ந்து கடையைக் கவனித்துக்கொள்கின்றன. எனக்கு இரண்டு மாதமாக இருமல். முதல் வாரம் தூசு என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் பருவநிலை என்று நினைத்தேன். மூன்றாம் வாரத்திலிருந்து நினைப்பதையே நிறுத்திவிட்டு, இருமுவதை மட்டும் செய்துகொண்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போது போன மாதம் இரண்டாம் தேதி திங்கட்கிழமை காலை பத்தே கால் மணிக்கு ஓர் ஆராய்ச்சி மாணவி கடைக்கு வந்தாள். கனமான பை, பெரிய கண்ணாடி, எந்நேரமும் பேருந்தைப் பிடிக்கப் போகிற அவசரம். 'பல்கலைக்கழக மாணவர்களிடையே காசநோய் பற்றிய விழிப்புணர்வு' என்பது அவளுடைய ஆராய்ச்சி. பதினைந்து கேள்விகள் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்து நானூறு பிரதி கேட்டாள். பேராசிரியர் நானூறு என்று சொல்லிவிட்டாராம், ஒன்று குறைந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டாராம். நான் தாளை மெஷினின் தலையில் செருகிப் பொத்தானை அழுத்தினேன். பத்து ஐம்பதுக்கு நானூறும் சூடாக வெளியே வந்துவிட்டன. அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே வகுப்புத் தலைவர்களிடம் ஒப்படைத்துவிட்டு அவள் வேறு அவசரத்துக்குப் போய்விட்டாள்.

பன்னிரண்டாம் தேதி மாலை நான்கு மணிக்குத் திரும்பி வந்தாள். மாணவர்கள் நிரப்பிக் கொடுத்த படிவங்கள் ஒரு கட்டாகக் கையில் இருந்தன. முகம் சரியில்லை. "அண்ணா, பின்பக்கம் எங்கண்ணா?" என்றாள். எந்தப் பின்பக்கம் என்று கேட்டேன். அவள் கொடுத்த தாளில் இரண்டு பக்கமும் அச்சு இருந்ததாம், நான் முன்பக்கத்தை மட்டும் நகல் எடுத்துவிட்டேனாம், முக்கியமானதெல்லாம் பின்பக்கத்தில்தான் இருந்ததாம். மச்சான், முப்பது வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். திருமணப் பத்திரிகையிலிருந்து விவாகரத்து மனு வரை என் கையால் நகல் எடுத்திருக்கிறேன், சில குடும்பங்களுக்கு இரண்டையும் எடுத்திருக்கிறேன், ஒரு பக்கத்தையும் விட்டதில்லை. பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது என்று அடித்துச் சொன்னேன். அப்படியானால் அசலைக் காட்டுங்கள் என்றாள். தேடினேன், இல்லை. நீதான் எடுத்துப் போயிருப்பாய் என்றேன். கணினியில் இருக்கிறது, கொண்டுவந்து காட்டுகிறேன் என்றாள். கணினியில் இருப்பதெல்லாம் தாளில் இருந்ததாக ஆகிவிடுமா என்று கேட்டேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். நிரப்பிய படிவங்களைப் பேராசிரியருக்கு ஒரு செட் நகல் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மெஷின் தாளை இழுக்கிற நேரத்தில் கண் சும்மா இருக்குமா? படித்தேன். 'காசநோய் பற்றி முதன்முதலில் எங்கே கேள்விப்பட்டீர்கள்?' என்ற கேள்விக்கு ஒருவன் 'இந்தப் படிவத்தில்' என்று எழுதியிருந்தான். 'எந்த உறுப்பைப் பாதிக்கும்?' என்பதற்கு ஒருத்தி 'மனதை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சின்னப் பூவும் போட்டிருந்தாள். பொறியியல் படிக்கிற ஒருவன் நுரையீரலைக் குழாய், வால்வு எல்லாம் போட்டுப் படமாகவே வரைந்திருந்தான், எந்தத் திசையில் தண்ணீர் போகும் என்று அம்புக்குறியும் இருந்தது. சட்டம் படிக்கிற ஒருவன் எல்லாக் கேள்விக்கும் 'சூழ்நிலையைப் பொறுத்தது' என்று ஒரே பதில் எழுதியிருந்தான். வரலாற்று மாணவி ஒருத்தி இது ஒழிந்துபோன நோய் என்று முடித்துவிட்டாள். இருபத்திரண்டு பேர் ஒரே பேனாவில் ஒரே விடைகளை எழுதியிருந்தார்கள், அதில் ஒன்பது பேர் 'ஆண்' என்பதையும் 'பெண்' என்பதையும் சேர்த்தே டிக் அடித்திருந்தார்கள். இதுவரை சிரித்துக்கொண்டுதான் படித்தேன். பிறகு பதினைந்தாம் கேள்வி வந்தது. 'இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து இருமல் உள்ளதா?' அதைப் படித்த இடத்தில் எனக்கு இருமல் வந்தது. அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

மருத்துவரிடம் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்துப் பாருங்கள், மருத்துவர் ஒரே ஆள். இங்கே முந்நூற்றுச் சொச்சம் பேர், எல்லாரும் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள், எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பழைய சீட்டை எடுத்து ஒவ்வொரு கேள்வியையும் எழுதி, அதற்கு எத்தனை பேர் ஆமாம், எத்தனை பேர் இல்லை என்று கோடு கோடாகப் போட்டுக் கூட்டினேன். பதின்மூன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்கு முடித்தேன். தட்டு, டம்ளர் மூலம் பரவும் என்று இருநூற்று நாற்பத்துமூன்று பேர். துண்டு, துணி மூலம் பரவும் என்று நூற்றுத் தொண்ணூறு பேர். பரம்பரையாக வரும் என்று நூற்று அறுபத்தொரு பேர். என் அப்பாவை நினைத்துப் பார்த்தேன், அவர் தொண்ணூறு வயதில் மாடிப்படியில் தவறி விழுந்து செத்தவர், அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. பன்னிரண்டாம் கேள்வி, 'இந்த நோய் குணமாகுமா?' ஆகும் என்று தொண்ணூற்றாறு பேர், ஆகாது என்று எண்பத்தெட்டுப் பேர், தெரியாது என்று இருநூற்றுப் பதினைந்து பேர். மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் தெரியாதுதான் வந்தது. மச்சான், அந்த இருநூற்றுப் பதினைந்து பேர் மேல் எனக்குக் கோபம் வந்தது. பயமும் வந்தது. உண்மையைச் சொன்னால் பயம்தான் வந்தது. பதினான்காம் கேள்வி, 'உங்களுக்கு இந்த நோய் வந்தால் மற்றவர்களிடம் சொல்வீர்களா?' சொல்ல மாட்டேன் என்று முந்நூற்றொரு பேர். சரி, இவ்வளவு பேர் ஒரே குரலில் சொல்லும்போது நான் ஒருவன் எதிர்த்து நிற்பானேன் என்று, நானும் யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்து, சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை ஏழரை மணிக்கு வீட்டில் எனக்கென்று ஒரு தட்டைத் தனியாக எடுத்து வைத்தேன். உங்கள் தங்கை ஏன் என்று கேட்டாள். பழைய தட்டு மேல் திடீரென்று ஒரு பிரியம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மறுநாள் துண்டைத் தனியாக வைத்தேன். அதற்கு மறுநாள் பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்றேன். அன்றைக்கு மழை பெய்துகொண்டிருந்தது. பொய் சொல்வதற்கும் பழக்கம் வேண்டும், இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் எனக்கு அந்தப் பழக்கத்துக்கு அவள் இடம் கொடுத்ததில்லை. நான்காம் நாள் சட்டைப்பையில் இருந்த சீட்டைக் காணோம். துவைக்கப் போட்டதில் கரைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கு அடுத்த நாளிலிருந்துதான் அவளுடைய கோபம் ஆரம்பித்தது. இதை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும், அவள் உங்களிடம் எப்படிச் சொல்லியிருக்கிறாளோ எனக்குத் தெரியாது. முதலில், அடுக்களை மூலையில் இரண்டாவதாக ஒரு தட்டு தனியாகக் கவிழ்ந்து கிடந்தது. எனக்குப் போட்டியாக அவளும் ஒரு தட்டு வைத்துக்கொண்டாள். பேசவில்லை, ஆனால் தட்டு பேசியது. அடுத்து, நான் கூடத்தில் படுத்ததும் அறைக்கதவை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டாள். காலையும் மாலையும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அரை மணி நேரம் நிற்பாள், சுமார் அரை மணி. நான் இருமுகிற சத்தம் அவள் காதில் விழக்கூடாதாம். விழுந்தால் என்ன இருமல் என்று கேட்க வேண்டி வரும், கேட்டால் என்னோடு பேசினதாக ஆகிவிடும் இல்லையா? சாப்பாட்டைக் குறைத்தாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்று எழுந்துவிடுவாள். நான் சமாதானம் பேசினால்தான் சாப்பிடுவேன் என்கிற வைராக்கியம். கல்யாணத்துக்கு நீங்கள் போட்ட வளையல் இரண்டையும் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டாள். கேட்டதற்கு, "நிக்க மாட்டேங்குது, கழண்டு கழண்டு விழுது" என்றாள். உங்கள் வீட்டுப் பக்கத்து நகையைக் கழற்றி என் வீட்டு மேசையில் வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. தினமும் காலையில் தலையணை உறையைத் துவைத்துப் போட்டாள், நான் வைத்திருந்த தலையின் தடம் கூட இருக்கக்கூடாது என்பது போல. மாலையானால் நல்ல வெயில் நாளிலும் போர்வையை இழுத்துத் தலை வரை போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவாள். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காததற்கு இப்படியும் ஓர் ஏற்பாடு இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மச்சான், அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உங்கள் வீட்டு வழக்கப்படி பாத்திரத்தை எறிந்திருந்தாலும் தாங்கியிருப்பேன். இந்தப் போர்வைக் கோபம்தான் என்னை வாட்டியது.

போன வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பெட்டியோடு வாசலில் நின்றாள். "கொஞ்ச நாள் அண்ணன் வீட்டுல இருந்துட்டு வரேன். ஜன்னலத் தொறந்து வச்சுக்கோங்க. என் தட்ட மட்டும் நீங்க எடுக்காதீங்க, கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தி வச்சிருக்கேன்" என்றாள். இருபத்தாறு வருடம் நான் சாப்பிட்ட வீட்டில் என் கை படக்கூடாது என்று ஒரு தட்டு. எட்டு நாற்பது பேருந்தில் ஏறிப் போய்விட்டாள். வண்டி நான்கு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது, அதை நீங்கள் உங்கள் ஆட்களிடம் கேட்டுக்கொள்ளலாம். அந்த நான்கு நிமிடமும் நான் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

இனி நோய் இல்லை என்று எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நிரப்பிய படிவங்களை அந்த ஆராய்ச்சிப் பெண் வாங்கிக்கொள்ள வந்த அன்றே, எண்ணிப் பார்த்ததில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான் இருந்தன. யாரோ ஒரு மாணவன் ஒரு படிவத்தில் பலகாரம் மடித்துக்கொண்டு போயிருந்தான். பேராசிரியரை நினைத்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்பக்க விஷயத்தில் அவளைத் தோற்கடித்த குறுகுறுப்பு எனக்கு இருந்ததால், அவள் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் நானூறு அடித்தபோது கூடுதலாக வந்து கடையில் கிடந்த வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து நானே நிரப்பிக் கட்டுக்குள் செருகிவிட்டேன். வயது ஐம்பத்துநான்கு என்று எழுதி, மாணவனுக்கு அது கொஞ்சம் அதிகம் என்று பட்டதால் அடித்துவிட்டு இருபது என்று எழுதினேன். மற்றதெல்லாம் உண்மை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், உண்டு. மற்றவர்களிடம் சொல்வீர்களா, மாட்டேன். பயமாக இருக்கிறதா என்று ஒரு கேள்வி இருந்திருந்தால் அதற்கும் எழுதியிருப்பேன், இல்லை.

உங்கள் தங்கை போன மறுநாள் காலை பதினொரு மணிக்கு அந்தப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்து, ஓர் அறிவிப்பை ஐம்பது பிரதி எடுக்கச் சொன்னாள். 'நானூறாம் எண் படிவத்தை நிரப்பிய மாணவர் உடனே சுகாதார நிலையத்துக்கு வரவும். விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும். தயவுசெய்து பயப்பட வேண்டாம்.' ஐம்பதையும் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றை என் கடைக் கதவிலேயே ஒட்டினேன். யார் அந்தப் பாவப்பட்ட பிள்ளை என்று வருகிற மாணவர்களிடம் நானே இரண்டு நாள் விசாரித்துக்கொண்டும் இருந்தேன். அது நான்தான் என்று தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியும். ஆனால் அறிவிப்பில் 'மாணவர்' என்று போட்டிருந்தது, நான் மாணவன் இல்லை, ஆகவே வேறு யாராவது இருக்கக்கூடும் என்று ஒரு பக்கம் நம்பிக்கையும் இருந்தது. திங்கட்கிழமை நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவள் மறுபடி வந்திருக்கிறாள். கதவில் அறிவிப்புக்குப் பக்கத்தில் 'பத்து நிமிடத்தில் வருவேன்' என்று நான் கைப்பட எழுதிய அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நான் திரும்பி வந்தபோது அவள் கையில் நானூறாம் படிவத்தை வைத்துக்கொண்டு அதையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, உங்களுக்கு வயசு இருபதா?" என்றாள்.

அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? என் கையைப் பிடித்துச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். எக்ஸ்ரே எடுத்தார்கள், இரண்டு நாள் காலையில் சளி வாங்கிச் சோதித்தார்கள். மருத்துவர் சின்ன வயதுக்காரர், நிறையக் கேட்டார். எடை குறைந்ததா, மாலையில் காய்ச்சல் வருகிறதா, இரவில் வியர்க்கிறதா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். "வீட்ல வேற யாருக்காவது இருமல் இருக்கா?" என்றார். வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்குக் கோபம் மட்டும்தான் என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். இன்று பிற்பகல் முடிவு வந்தது. காசநோய் இல்லை, மூடிய அறையில் தூசையும் டோனர் தூளையும் இழுத்து இழுத்து வந்த இருமல், முகக்கவசம் போடுங்கள், முதல் வேலையாக அந்த ஜன்னலைத் திறங்கள் என்றார்.

ஆக, மச்சான், விஷயம் இவ்வளவுதான். தட்டுகள் இரண்டையும் தேய்த்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டேன். பாயை அறைக்குள் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். வளையல் இரண்டும் மேசை மேலேயே இருக்கின்றன, நான் தொடவில்லை. வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது பத்துப் பேருந்தில் உங்கள் தங்கையை ஏற்றிவிடுங்கள். வர மாட்டேன் என்று அடம்பிடித்தால் அண்ணன் என்ற முறையில் நாலு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லுங்கள். கணவன் தனித் தட்டு வைத்தால் காரணம் கேட்க வேண்டும், அதைவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்காரக்கூடாது என்று சொல்லுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் தேர்வில் நன்றாக எழுத என் ஆசிகள். படிவம் எதையும் நிரப்புவதாக இருந்தால் தெரிந்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள். உங்கள் காது, முழங்கால், இரத்த அழுத்தம் மூன்றும் அமைதியாக இருக்க வேண்டிக்கொண்டு,

தங்கள் சொல்லைத் தட்டாத,
தங்கையின் கணவன்.
மாலை ஐந்து பத்து.

பி.கு.: மச்சான், மணி ஐந்து ஐம்பது. கடைசித் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். உங்கள் தங்கையை அனுப்ப வேண்டாம். ஒரு வார்த்தையும் கண்டிக்க வேண்டாம்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, மருத்துவர் சொன்னபடி கடை ஜன்னலைத் திறக்கலாம் என்று பெரிய மெஷினைச் சுவரை விட்டு இழுத்தேன். பின்னால் பதினோரு வருடத்துத் தூசு, நாலு பேனா, யாருடையதோ ஓர் அடையாள அட்டை, அவற்றுக்கு மேல் தூசு படியாமல் ஒரு தாள். அந்தப் பெண் கொடுத்த அசல். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளையாக இல்லை. மேலிருந்து கீழ் வரை அச்சு. பதினைந்து கேள்விக்கும் சரியான விடை அங்கேதான் இருக்கிறது. தட்டு, டம்ளர், துண்டு, துணி மூலம் பரவாது. பரம்பரையாக வராது. நோய் உள்ளவர் இருமும்போது காற்று வழியாகப் பரவும். அந்த இருநூற்று நாற்பத்துமூன்று பேரும் தப்பு, மச்சான். நானும் தப்பு. கீழே கட்டம் கட்டி ஒன்று போட்டிருக்கிறது: 'உங்களோடு வசிக்கும் யாருக்காவது இவை உண்டா? விடாத இருமல். பசியின்மை. எடை குறைதல். மாலையில் குளிர்க் காய்ச்சல். இரவில் வியர்வை. இருந்தால் அவரை இன்றே அழைத்துச் செல்லுங்கள்.'

வளையல் கழன்று விழுந்தது என்றாள். நான் நம்பவில்லை, மச்சான். கழன்றுதான் விழுந்திருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டது என் இருமல் கேட்கக்கூடாது என்று இல்லை. போர்வை குளிருக்கு. தலையணை உறை வியர்வைக்கு. சட்டைப்பையில் இருந்த சீட்டு கரையவில்லை, அவள் எடுத்திருக்கிறாள். நான் போட்ட கோடுகளை அவளும் எண்ணியிருக்கிறாள். தட்டு என்று இருநூற்று நாற்பத்துமூன்று, அதனால் தட்டு வைத்தாள். சொல்ல மாட்டேன் என்று முந்நூற்றொன்று, அதனால் சொல்லவில்லை. என் இருமல் அவளிடமிருந்து வந்தது என்று நினைத்திருப்பாள். என்னை விட்டுத் தள்ளி இருக்கத்தான் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னதும் அதற்குத்தான். அவளைக் கோபக்காரி என்று ஒரு கடிதம் முழுக்க எழுதியிருக்கிறேன், கிழிக்க நேரமில்லை.

உங்களுக்குப் போன் அடித்தேன், நாலு முறை, எடுக்கவில்லை. ஆகவே இதை ஆறரைப் பேருந்து நடத்துநரிடம் கொடுக்கிறேன், உங்கள் பழைய ஆள்தான், எட்டே முக்காலுக்கு உங்கள் கையில் சேர்த்துவிடுவார். நான் காலை ஐந்து நாற்பது வண்டியில் ஏறி ஏழு ஐம்பத்தைந்துக்கு வருகிறேன். உங்கள் ஊர்ச் சுகாதார நிலையம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று மட்டும் விசாரித்து வையுங்கள், இதில் 'சுமார்' வேண்டாம். உங்கள் வீட்டிலும் அவள் ஒரு தட்டைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருப்பாள். அக்காவிடம் சொல்லி அதை எடுத்து மற்ற தட்டுகளோடு சேர்த்துவிடுங்கள். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். நாளைக்கு நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் எங்களோடு வந்து சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கும், அதற்கும் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆராய்ச்சிப் பெண்ணிடம் போய் வர நேரமில்லை. கடைக் கதவில் 'பின்பக்கம் இருந்தது, மன்னித்துவிடு அம்மா' என்று எழுதி ஒட்டிவிட்டுக் கிளம்புகிறேன்.

அந்தத் தாளின் நகல் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் எடுத்திருக்கிறேன், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மடித்தேன். இன்றைக்கே அவளிடம் கொடுத்துப் பின்பக்கத்தை முதலில் படிக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் கேள்வியில் அவள் நின்றுவிட்டிருப்பாள், நானும் அங்கேதான் நின்றேன். அதற்கு அங்கே ஒரே விடைதான் போட்டிருக்கிறது. மருந்தை நிறுத்தாமல் சாப்பிட்டால், குணமாகும்.